முகச் சிவப்பு நோயை அறிந்துகொள்வோம்
(றொசேசியா: அறிகுறிகளும் தூண்டும் காரணிகளும்)

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. மகிழ்ச்சியும் துயரும் கோபமும் நாணமும் முகத்தில் தோன்றுவது உண்மையே. ஆயினும் முகத்தில் தோன்றுவன எல்லாம் அகத்தின் செய்தி என்று கொள்வது தவறாகும். கன்னம் சிவந்திருந்தால் கோபக்காரி என்றும், மூக்குச் சிவந்து தடித்திருந்தால் குடிகாரர் என்றும், நடுத்தர வயதில் முகத்தில் பருக்கள் எழுந்தால் சுத்தம் பேணாதவர் என்றும் முடிவு கட்டிவிடும் வழக்கம் எங்கும் உண்டு. இவ்வாறு பழிக்கப்படுவோரில் ஒரு பகுதியினர் உண்மையில் ஒரு தோல் நோயால் துன்பப்படுபவர்கள். அந்நோயின் பெயர் றொசேசியா என்பதாகும்.

இந்நோய் உயிரைப் பறிப்பதில்லை. ஆனால் கவனியாது விட்டால் கண்ணைப் பாதிக்கக்கூடியது. தவறான பூச்சு மருந்தால் மேலும் மோசமடையக்கூடியது. நம்மைப் போன்ற மாநிறத்தாரிடமும் கருநிறத்தாரிடமும் இலகுவில் கண்டறியப்படாது மறைந்திருக்கக்கூடியது. ஆகவே இதைப் பற்றி ஒவ்வொரு குடும்பமும் ஓரளவு அறிந்திருத்தல் நன்று.

றொசேசியா என்றால் என்ன?

ரோசாப்பூவின் நிறம் போன்றது என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. இது முகத்தின் நடுப்பகுதியாகிய கன்னங்கள், மூக்கு, நாடி, நெற்றி ஆகிய இடங்களைப் பற்றும் நாட்பட்ட அழற்சி நோய். சில காலம் தணிந்திருக்கும். பின்னர் மீண்டும் தலைதூக்கும். பெரும்பாலும் 30 வயதுக்குப் பின்னரே தொடங்குகிறது. பெண்களிடம் கூடுதலாகக் கண்டறியப்படுகிறது. ஆயினும் மூக்குத் தடிக்கும் வகை ஆண்களிடமே அதிகம்.

இது தொற்று நோயன்று. ஒரே துவாயைப் பயன்படுத்துவதாலோ, ஒரே பாத்திரத்தில் உண்பதாலோ, குழந்தையைத் தூக்கி முத்தமிடுவதாலோ மற்றவருக்குப் பரவாது. இது புற்றுநோயும் அன்று. சுத்தக் குறைவால் வருவதும் அன்று. மாறாக, முகத்தை அடிக்கடி சவர்க்காரமிட்டுத் தேய்த்துக் கழுவுவோருக்கு நோய் கூடுவதே வழக்கம்.

வெண்ணிறத் தோலுடைய வட ஐரோப்பிய மக்களிடமே இந்நோய் அதிகம் காணப்படுவதாக நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஆனால் ஆசிய, ஆபிரிக்க மக்களுக்கும் இது வருகிறது என்பது இன்று ஐயமின்றி அறியப்பட்டுள்ளது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2018 ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடு ஒன்று, வளர்ந்தோரில் 100 பேருக்கு ஏறக்குறைய 5 பேர் இந்நோய்க்கு ஆளாவதாகக் கூறுகிறது.

நோயின் அறிகுறிகள்

1. திடீர்ச் சிவப்பும் சூடும்: வெயிலிலோ அடுப்படியிலோ நின்றபின், அல்லது மனம் பதறும் வேளையில், முகம் குப்பென்று சூடேறிச் சிவக்கும். சில நிமிடங்களில் தணியலாம். மணிக்கணக்கில் நீடிக்கவும் கூடும். பெரும்பாலானோருக்கு இதுவே முதல் அறிகுறி.

2. மாறாத சிவப்பு: காலப்போக்கில் அச்சிவப்பு முற்றாக மறையாமல் கன்னத்திலும் மூக்கிலும் தங்கிவிடும். தோல் வறண்டு, இழுத்துப் பிடிப்பது போலவும், எரிவது போலவும், குத்துவது போலவும் இருக்கும்.

3. நுண்ணிய இரத்தக் குழாய்கள்: மூக்கின் ஓரத்திலும் கன்னத்திலும் மெல்லிய நூலிழைகள் போன்ற இரத்தக் குழாய்கள் விரிந்து தெரியும்.

4. பருக்கள்: சிறு சிவந்த கொப்புளங்களும் சீழ் கொண்ட பருக்களும் எழும். இவை இளம் பருவத்து முகப்பருவைப் போலத் தோன்றினும் ஒரு வேறுபாடு உண்டு. முகப்பருவில் கரும்புள்ளி முனைகளும் வெண்புள்ளி முனைகளும் காணப்படும். றொசேசியாவில் அவை இருப்பதில்லை.

5. தோல் தடித்தல்: சிலருக்கு, குறிப்பாக வயது சென்ற ஆண்களுக்கு, மூக்கின் தோலும் எண்ணெய்ச் சுரப்பிகளும் பெருத்து, மூக்கு முண்டும் முடிச்சுமாகத் தடித்துவிடும். பாரிஸ் நகரின் லூவர் அரும்பொருளகத்தில், இத்தாலிய ஓவியர் டொமெனிக்கோ கிர்லாந்தாயோ 1490 ஆம் ஆண்டளவில் வரைந்த ஓவியம் ஒன்று உள்ளது. ஒரு முதியவரும் அவரது பேரக் குழந்தையும் அதில் இருக்கின்றனர். முதியவரின் மூக்கு இவ்வாறு தடித்துக் கரடுமுரடாயிருக்க, குழந்தை அதைச் சிறிதும் பொருட்படுத்தாமல் அவர் முகத்தை அன்போடு நோக்குகின்றது. அமெரிக்கச் செல்வந்தர் ஜே. பி. மோர்கன் (1837–1913) என்பவருக்கும் இந்நோய் இருந்தது. அவர் தமது மூக்கு படத்தில் விழுவதை விரும்பாதவர். அவருடைய படங்கள் திருத்தியே வெளியிடப்பட்டன. எவ்வளவு செல்வம் இருந்தாலும் முகத்தைப் பற்றிய வெட்கம் மனிதனை வாட்டும் என்பதற்கு இது சான்று.

6. கண் பாதிப்பு: கணிசமான நோயாளருக்குக் கண்களும் பாதிக்கப்படுகின்றன. சிலருக்குத் தோலில் எதுவும் தெரியும் முன்பே கண்ணில் தொடங்கிவிடும். கண் சிவத்தல், எரிதல், மணல் விழுந்தது போன்ற உறுத்தல், வறட்சி அல்லது நீர் வடிதல், இமை ஓரம் வீங்கிப் பொருக்குக் கட்டுதல், அடிக்கடி கண்கட்டி வருதல் ஆகியவை அதன் அடையாளங்கள். கண்ணில் வலியும், வெளிச்சத்தைப் பார்க்க இயலாத கூச்சமும், பார்வை மங்கலும் சேர்ந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கருவிழி பாதிக்கப்பட்டால் பார்வை குறைய இடமுண்டு.

மேற்கூறிய அறிகுறிகள் யாவும் ஒருவருக்கே வரவேண்டும் என்பதில்லை. முன்னர் 2002 ஆம் ஆண்டில் அமெரிக்க நிபுணர் குழுவொன்று இந்நோயை நான்கு வகையாகப் பிரித்திருந்தது. ஒரே ஆளிடம் பல வகைகளும் கலந்து வருவதால் 2017 இல் அம்முறை திருத்தப்பட்டது. இப்போது நோயாளியிடம் காணப்படும் ஒவ்வொரு அறிகுறியையும் தனித்தனியே நோக்கி, அதற்கேற்பச் சிகிச்சை அளிக்கப்படுகிறது.

நமது நிறத்தில் நோய் மறைந்திருப்பது எப்படி?

நூல்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் இந்நோய் தோன்றும் விதத்தையே காட்டுகின்றன. அதே சிவப்பு மாநிறத் தோலில் மங்கிய செம்பழுப்பாகத் தெரியும். கருநிறத் தோலில் ஊதா கலந்த கருமையாகத் தெரியும். அல்லது தெரியாமலே போகும். விரிந்த இரத்தக் குழாய்களும் அவ்வாறே மறைந்துவிடும். இதனால் "வெயிலில் கறுத்துவிட்டது", "சூட்டுப் பரு", "சவர்க்காரம் ஒத்துக்கொள்ளவில்லை" என்ற விளக்கங்களோடு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. நோய் முற்றிய பின்னரே பலர் வைத்தியரிடம் செல்கின்றனர்.

ஆகவே நம்மவர் கண்ணாடியில் சிவப்பைத் தேடுவதோடு நில்லாது, தோல் உணர்வதையும் கவனித்தல் வேண்டும். முகம் அடிக்கடி சூடேறுகிறதா? முன்பு ஒத்துக்கொண்ட சவர்க்காரமும் பவுடரும் இப்போது எரிகின்றனவா? 30 அல்லது 40 வயதுக்கு மேல் புதிதாகப் பருக்கள் எழுகின்றனவா? அவற்றுடன் கண்ணும் உறுத்துகிறதா? இவற்றில் இரண்டு மூன்றுக்கு "ஆம்" என்று விடை வருமானால் வைத்தியரிடம் காட்டுவது நல்லது. முகம் சூடேறியிருக்கும் வேளையில், நல்ல வெளிச்சத்தில், கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் பேருதவியாக இருக்கும். ஏனெனில் கிளினிக் நாளன்று முகம் தணிந்திருக்கக்கூடும்.

நோய் ஏன் ஏற்படுகிறது?

இதற்குத் தனியொரு காரணம் இல்லை. பல காரணிகள் ஒன்றுசேர்ந்தே நோயை உண்டாக்குகின்றன. பரம்பரை ஒரு காரணி. முகத்து இரத்தக் குழாய்களும் நரம்புகளும் வெப்பத்துக்கு அளவுமீறி விழித்தெழுவது இன்னொன்று. தோலின் இயற்கையான பாதுகாப்பு முறை பிழைபடுவது மற்றொன்று. கிருமிகளை எதிர்க்கத் தோல் தானே உற்பத்தி செய்யும் கதலிசிடின் என்ற புரதம் இந்நோயாளரிடம் மிகுந்தும் மாறுபட்டும் இருப்பதையும், அதுவே அழற்சியைத் தூண்டுவதையும் 2007 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். வீட்டைக் காக்கும் காவல்நாய் வீட்டாரையே கடிப்பது போன்றது இது.

எல்லா மனிதரின் முகத்து மயிர்க்கால்களிலும் டெமோடெக்ஸ் என்ற, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உண்ணிகள் வாழ்கின்றன. றொசேசியா உள்ளோரிடம் இவற்றின் தொகை பெருகியிருக்கிறது. இதை அறிந்து எவரும் அருவருப்பு அடைய வேண்டியதில்லை. அவை நம் எல்லோரிடமும் உள்ளவையே.

தூண்டும் காரணிகள்

நோயை உண்டாக்கும் காரணம் வேறு, உறங்கிக் கிடக்கும் நோயை எழுப்பிவிடும் தூண்டுகோல் வேறு. முன்னையதை நாம் மாற்ற இயலாது. பின்னையதை அறிந்து தவிர்ப்பது பெருமளவு நம் கையில் உள்ளது. அமெரிக்காவில் 1,066 நோயாளரிடம் எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்பொன்றில், தம் நோயைத் தூண்டுவது வெயில் என்று 81 வீதத்தினரும், மனஅழுத்தம் என்று 79 வீதத்தினரும், வெப்பமான காலநிலை என்று 75 வீதத்தினரும் கூறினர். உறைப்பான உணவு என்றோர் 45 வீதம். சூடான பானம் என்றோர் 36 வீதம். இவற்றை நமது வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்போம்.

வெயில்: முதன்மையான தூண்டுகோல் இதுவே. நமது நாடு மத்திய கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் ஆண்டு முழுவதும் வெயில் கடுமையானது. காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை வயலிலும் தோட்டத்திலும் கடற்கரையிலும் நிற்போர், தேர் தீர்த்த நாட்களில் வெளிவீதியில் நெடுநேரம் நிற்போர், அகன்ற தொப்பியோ குடையோ தலைத்துண்டோ பயன்படுத்துதல் வேண்டும்.

அடுப்பு வெப்பம்: விறகடுப்பின் மேல் குனிந்து சமைக்கும் பெண்களின் முகத்தில் நேராக வெக்கை அடிக்கிறது. மடைப்பள்ளியிலும் அன்னதானக் கொட்டகையிலும் பெரிய கிடாரங்களின் முன் நிற்போர், ஓமகுண்டத்தின் முன் நெடுநேரம் அமர்ந்திருப்போர், போறணை முன் வேலை செய்யும் பேக்கரித் தொழிலாளர் ஆகியோருக்கும் இதே நிலைதான். அடுப்பை நின்று சமைக்கும் உயரத்துக்கு உயர்த்துதல், புகைபோக்கி அமைத்தல், நீண்ட பிடியுள்ள அகப்பை பயன்படுத்துதல், இடையிடையே வெளியே வந்து குளிர்ந்த நீரில் நனைத்த துணியை முகத்தில் ஒற்றுதல் ஆகியவை எளிய வழிகள்.

சூடான தேநீர்: பலர் தேநீரையும் கோப்பியையும் குற்றம் சொல்வர். உண்மையில் குற்றம் சூட்டினுடையது. 1981 இல் ஜொனதன் வில்கின் என்ற அமெரிக்க வைத்தியர் இதனைச் சோதித்துப் பார்த்தார். 60 பாகை செல்சியஸ் சூடுள்ள கோப்பி முகத்தைச் சிவக்கச் செய்தது. அதே சூடுள்ள வெறும் வெந்நீரும் சிவக்கச் செய்தது. 22 பாகையில் ஆறிய கோப்பியோ அவ்வாறு செய்யவில்லை. 2018 இல் வெளியான மற்றொரு ஆய்வு, அமெரிக்கத் தாதியர் 80,000 பேருக்கு மேற்பட்டோரின் தகவல்களைக் கொண்டது. அதில் கோப்பி அதிகம் குடித்தோரிடம் இந்நோய் குறைவாகவே காணப்பட்டது. ஆகவே தேநீரை விட வேண்டியதில்லை; ஆறவிட்டுக் குடித்தால் போதும்.

உறைப்பு: மிளகாயின் உறைப்பும் வெப்பமும் தோலின் நரம்புகளில் ஒரே வகையான வாயிலைத் தட்டுகின்றன. அதனாலேயே உறைப்பாக உண்ணும்போது முகம் சூடேறி வியர்க்கிறது. எல்லா நோயாளருக்கும் உறைப்பு ஒவ்வாது என்பதில்லை. ஒவ்வாதவர் தூளைக் குறைத்துப் பார்க்கலாம்.

மனக்கலக்கம்: பரீட்சை, கலியாணப் பேச்சு, கடன், பிரிவு, துக்கம் ஆகிய யாவும் முகத்தில் தெறிக்கும். முகம் சிவக்கிறதே என்ற வெட்கம் மேலும் சிவப்பைக் கூட்டுவது இந்நோயின் கொடுமை.

மதுபானம்: மது முகத்தைச் சிவக்கச் செய்யும், நோயுள்ளவர் அதைத் தவிர்ப்பது நல்லது. ஆனால் மதுவை வாழ்நாளில் தொட்டிராதவர்க்கும் இந்நோய் வருகிறது, மூக்கும் தடிக்கிறது. மூக்கைப் பார்த்து ஒருவரைக் குடிகாரர் என்பது பெரும் பழியாகும்.

முகத்தில் இடுபவை: வாசனைச் சவர்க்காரம், முகம் தேய்க்கும் சொரசொரப்பான பசைகள், வாசனைத் திரவியம், எலுமிச்சைச் சாறு போன்றவை எரிச்சலூட்டும். ஆவி பிடித்தலும் கொதிநீரில் முகம் கழுவுதலும் ஆகா. திருநீறு, சந்தனம், குங்குமம் தரிப்பதைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் செயற்கைச் சாயமும் வாசனையும் கலந்த குங்குமமும் சந்தனப் பசையும் இன்று கடைகளில் உள்ளன. நெற்றியில் எரிச்சல் உண்டானால் அவற்றை மாற்றி, சிறிதளவே இட்டு, வீடு திரும்பியதும் மெதுவாகக் கழுவிக்கொள்ளலாம்.

மருந்துகள்: இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் இரத்தக் குழாய்களை விரிப்பதால் முகம் சிவக்கக்கூடும். எனினும் எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தல் ஆகாது. எழுதித் தந்த வைத்தியரிடமே கேட்க வேண்டும்.

கொப்பியில் ஒரு கணக்கு

மேற்கூறிய பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் ஒருங்கே விட்டுவிட முயல்வது வீண் துன்பம். ஒருவருக்குப் பொருந்துவது மற்றொருவருக்குப் பொருந்தாது. பிள்ளைகளின் பழைய கொப்பியொன்றில் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு கணக்கு எழுதிவருதல் சிறந்த வழி. முகம் சூடேறிய நாள், நேரம், அதற்கு முன் இருந்த இடம், உண்டது, குடித்தது, முகத்தில் இட்டது, மனநிலை ஆகியவற்றை ஒவ்வொரு வரியில் குறித்தால் போதும். உதாரணமாக, "செவ்வாய், பகல் 12 மணி, புட்டு அவித்தேன், ஒரு மணித்தியாலம் எரிந்தது" என்று எழுதலாம். மூன்றாவது வாரத்தில் கொப்பியைப் புரட்டினால் தமக்குரிய தூண்டுகோல் எதுவென்று தாமே கண்டுகொள்வர். வைத்தியருக்கும் அக்கொப்பி நல்ல சாட்சி.

"இரண்டு நாளில் மாற்றும்" கிறீம்கள்

இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இப்பகுதியை மறத்தல் ஆகாது. முகத்தில் சிவப்போ பருவோ கண்டவுடன், பாமசியில் கேட்டோ, அயலவர் தந்த பழைய குழாயிலிருந்தோ, ஒரு கிறீமை எடுத்துப் பூசுவது பலரது வழக்கம். இவற்றுட் பல பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற வலிய ஸ்டீரொயிட் மருந்துகள். முகத்தை வெளுப்பாக்கும் என்று விற்கப்படும் சில கிறீம்களிலும் ஸ்டீரொயிட் மறைவாகக் கலக்கப்படுகிறது. சிலவற்றில் சிறுநீரகத்துக்குக் கேடு செய்யும் பாதரசமும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது.

ஸ்டீரொயிட் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழற்சியை அடக்குவதால் இரண்டு மூன்று நாளில் முகம் பளிச்சென்று தெளியும். "அருமையான மருந்து" என்ற நம்பிக்கை பிறக்கும். ஆனால் வாரங்கள் மாதங்களாகப் பூசும்போது தோல் மெலிகிறது, இரத்தக் குழாய்கள் நிரந்தரமாக விரிகின்றன, பருக்கள் பெருகுகின்றன. றொசேசியா இல்லாதவருக்கும் றொசேசியா போன்ற நோய் உண்டாகிறது. நிறுத்தினால் முன்னிலும் பன்மடங்காகச் சிவந்து எரிகிறது. அதைக் கண்டு அஞ்சி மீண்டும் பூசுகின்றனர், மீண்டும் தணிகிறது. கடனை அடைக்கக் கடன் வாங்குவது போன்ற சுழல் இது.

நிறுத்தியவுடன் முகம் எரிவது அக்கிறீம் நல்லது என்பதற்கு அடையாளமன்று; அது செய்த கேட்டின் அடையாளமே. அந்த எரிவு சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் நீடித்துப் பின்னர் தணியும். இத்தகைய நிலையில் உள்ளவர் வெட்கப்படாமல், பூசிய கிறீம் குழாயையும் பெட்டியையும் கையோடு எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். அதை விடும் முறையையும், இடைக்காலத்தில் எரிவைத் தணிக்கும் மருந்தையும் அவர் சொல்வார். திருமணத்துக்கு முன் பெண்பிள்ளையின் முகத்தை வெளுப்பாக்கவேண்டும் என்று பெற்றோரே இத்தகைய கிறீமை வாங்கிக் கொடுப்பதும் உண்டு. பிள்ளைக்குச் செய்யும் நன்மை என்று எண்ணிச் செய்யும் தீமை அது.

வேறு நோய்களோடு மயங்குதல்

முகம் சிவப்பதெல்லாம் றொசேசியா அன்று. பின்வரும் நோய்களும் அவ்வாறு தோன்றும்.

பொடுகு சார்ந்த தோல் அழற்சி: புருவத்திலும் மூக்கின் இரு ஓர மடிப்புகளிலும் எண்ணெய்ப் பசையுள்ள செதில்கள் உதிரும்.

லூப்பஸ்: கன்னங்களிலும் மூக்கின் மேலும் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிவப்புத் தோன்றும், பெரும்பாலும் மூக்கோர மடிப்பில் படராது. மூட்டுவலி, காய்ச்சல், வாய்ப்புண், முடி கொட்டுதல் சேர்ந்து வரலாம். சிறுநீரகத்தைப் பாதிக்கும் நோயாதலால் தாமதம் கூடாது.

தொழுநோய்: நமது நாட்டில் இன்னமும் புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். நிறம் மாறிய இடத்தில் உணர்ச்சி குறைதல், காதுமடலும் முகமும் தடித்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். மருந்தால் முற்றாகக் குணமாகும், மருந்து இலவசம். அஞ்சி ஒளிக்க வேண்டியதில்லை.

றொசேசியாவைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. முகத்தைப் பார்த்தும், நோய் வரலாற்றைக் கேட்டுமே வைத்தியர் தீர்மானிக்கிறார். வேறு நோய் என ஐயம் ஏற்பட்டால் மட்டும் இரத்தமோ சிறு தோல் துண்டோ சோதிக்கப்படும்.

சிகிச்சை

இந்நோயை வேரோடு களையும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அடக்கி வைத்திருக்க நல்ல மருந்துகள் உண்டு. பருக்களுக்கு மெற்றோனிடசோல், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்ரின் ஆகிய பூச்சு மருந்துகள் பயன்படுகின்றன. நோய் கடுமையாயின் டொக்சிசைக்கிளின் மாத்திரை சில வாரங்களுக்குக் கொடுக்கப்படும். இம்மாத்திரை கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் ஆகாது. இதை நிறைய நீருடன் விழுங்க வேண்டும். விழுங்கியவுடன் படுத்தல் கூடாது. விரிந்த இரத்தக் குழாய்களுக்கு லேசர் சிகிச்சையும், தடித்த மூக்குக்குச் சத்திர சிகிச்சையும் உள்ளன.

பூச்சு மருந்துகள் ஸ்டீரொயிட்டைப் போல இரண்டு நாளில் பலன் தருவதில்லை. பொதுவாக 4 முதல் 6 வாரங்களில் மாற்றம் தெரியத் தொடங்கி, முழுப் பலன் தர 8 முதல் 12 வாரங்கள் செல்லலாம். "பத்து நாள் பூசினேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று கைவிடுவோரே அதிகம். பொறுமை இங்கே மருந்தின் பாதி. முதலில் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டினால், தேவை ஏற்படின் தோல் நோய் வைத்திய நிபுணரின் கிளினிக்குக்கும், கண் பாதிப்பு இருப்பின் கண் கிளினிக்குக்கும் கடிதம் தருவார்கள்.

நாளாந்தப் பராமரிப்பு

1. முகத்தை நாளொன்றுக்கு இருமுறை, சாதாரண நீரில், வாசனையற்ற மென்மையான கழுவியைக் கொண்டு விரல் நுனியால் கழுவுதல். துவாயால் தேய்க்காமல் ஒற்றியெடுத்தல்.

2. வாசனையற்ற ஈரப்பதக் கிறீமைக் காலையும் மாலையும் பூசுதல்.

3. வெயிலில் செல்லுமுன் 30 அல்லது அதற்கு மேற்பட்ட காப்புக் காரணி உடைய வெயில் தடுப்புக் கிறீம் பூசுதல். நாக ஒட்சைட்டு அல்லது தைத்தேனியம் ஈரொட்சைட்டு கொண்டவை குறைவாக எரியும். வாங்க வசதியில்லாதோர் குடையையும் தொப்பியையும் நிழலையும் விடாது பற்றிக்கொள்ளலாம். அவை கிறீமுக்குச் சளைத்தவையல்ல.

4. புதிய பொருள் எதையும் முகத்தில் இடுமுன் கழுத்தோரத்தில் சிறிதளவு பூசிச் சில நாள் பார்த்தல்.

5. இமை ஓரம் வீங்கியிருந்தால், இளஞ்சூடான நீரில் நனைத்த சுத்தமான துணியை மூடிய இமைமேல் ஐந்து நிமிடம் வைத்து, பின் இமை ஓரத்தை மெதுவாகத் துடைத்தல்.

சுற்றத்தாரின் கடமை

மருந்து வைத்தியர் தருவது. ஆறுதல் சுற்றத்தார் தருவது. முகம் சிவந்த ஒருவரைக் கண்டவுடன் "முகத்துக்கு என்ன நடந்தது?" என்று பலர் நடுவே கேட்பதைத் தவிர்ப்போம். அக்கேள்வியைக் கேட்கும் ஒருவருக்கு அது ஒரு கேள்வி. கேட்கப்படுபவருக்கோ அன்றைய நாளின் இருபதாவது கேள்வி. இதற்கு அஞ்சியே சிலர் கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் வராமல் வீட்டினுள் அடைந்துகிடக்கின்றனர். அடுப்படி வேலையைச் சற்று நேரம் வேறொருவர் ஏற்றுக்கொள்வதும், திருவிழா நாளில் நிழலான இடத்தை விட்டுக்கொடுப்பதும், கிளினிக்குக்குத் துணையாகச் செல்வதும் பணச் செலவில்லாத உதவிகள்.

கிர்லாந்தாயோவின் ஓவியத்தில் உள்ள குழந்தை, தன் பாட்டனாரின் மூக்கைப் பார்க்கவில்லை. அவருடைய முகத்தையே பார்க்கிறது. வளர்ந்த நாமும் அவ்வாறே பார்க்கப் பழகினால், இந்நோயின் பாதிச் சுமை அன்றே இறங்கிவிடும். எஞ்சிய பாதியை நிழலும், பொறுமையும், நல்ல வைத்தியமும் பார்த்துக்கொள்ளும்.